கழுத்து வழியாக ஒரு சொட்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராக வராது. மத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன், அவ்வளவுதான். எந்த ‘ர’, எந்த ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் நீங்களே சரியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. வாயைத் திறந்தால் கழுத்து வேர்த்துவிடும். அவரைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கம்பெனியிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சொட்டு’ என்பார்கள். “சொட்டு வந்தாச்சா?” “சொட்டு சாப்ட்டாச்சா?” அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்ள ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே, அதற்கு அவருக்கு நேரம் இல்லை.

ஓசூரில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டுகிற இடம். அவர் பிரஸ் மெஷினில், நான் ஸ்டோரில் பெட்டி கட்டுகிறவன். பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு. என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். ‘அண்ணா’ என்பார். ஒல்லியான உடம்பு. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கேன்டீனில் இரண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்துபோய் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார். திரும்பி வந்து இன்னும் இரண்டு வாய். மறுபடி ஜன்னல்.

கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். குடிப்பதற்கு அல்ல.

காலையில் கம்பெனியில் வண்டி நிறுத்துகிற ஸ்டாண்டுக்கு வந்ததும், தொங்குகிற ரெயின்கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். யாராவது ரெயின்கோட் போட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தினால் பக்கத்தில் போய், அவர்கள் தோளில் பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். கேட்டுவிட்டு ஊற்றுகிற பழக்கம் கிடையாது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தால் அவர் முகம் தெளிந்துவிடும். “உருளுது, உருளுது” என்பார். துணி கறுத்துத் தண்ணீர் பரவினால், “ஐயையோ, குடிக்குதே!” என்று அவர் போடுகிற சத்தத்தில் அந்த ஆளுக்கே ஏதோ நோய் வந்துவிட்டதைப் போல இருக்கும்.

ஒருநாள் செக்யூரிட்டிக்காரரின் தோளில் ஊற்றிவிட்டார். அது ரெயின்கோட்டே இல்லை, யூனிபார்ம் சட்டை.

“யோவ், இது சட்டைய்யா!”

“தெரியும்ணா. எப்டிக் குடிக்குது பாத்தீங்களா? அதுக்குத்தான்.”

“மொதல்ல அந்தத் தண்ணிய நீ குடிய்யா. உன் சூடு எறங்கட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த வண்டியைப் பார்த்து நடந்துவிட்டார்.

நனையாமல் வண்டி ஓட்டுவதற்கு அவரிடம் ஒரு சட்டமே இருந்தது. ரெயின்கோட்டை சோப்புப் பவுடரில் ஊறவைக்கக் கூடாது. சோப்பு மேல்பூச்சைத் தின்றுவிடும், மிச்சம் தங்குகிற சோப்பு தண்ணீரை உள்ளே இழுக்கும். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் மேலே ஒரு வேட்டித் துணியைப் போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டி தேய்த்தால் பூச்சு மறுபடி எழுந்து நிற்கும். அதற்குமேல்தான் அவர் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த ஸ்பிரே. தையல் ஓடுகிற இடமெல்லாம் ஊசி போட்ட ஓட்டை. அதற்கு உள்பக்கம் டேப் ஒட்ட வேண்டும். கையுறை வெளியே, கைமடிப்பு உள்ளே என்று போட்டால் தண்ணீர் வழிந்து நேராகக் கையுறைக்குள் போகும். மாற்றிப் போட வேண்டும். கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு அதன் நுனியை வெளியே விடவே கூடாது. “வெளக்குத் திரி எண்ணெய இழுக்கற மாரி இழுத்துருங்ணா. மார் வரைக்கும் நனஞ்சப்புறந்தான் தெரியும்.”

எல்லாம் சரிதான். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அவரோடு ஒரு மணி நேரம் இருந்தால் என் காலும் ஆட ஆரம்பித்துவிடும்.

ஒருமுறை மத்தூரில் என் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். சூளகிரி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார். வானத்தில் கையளவு மேகம் இல்லை.

“வாசன வருதுண்ணா.”

“எனக்கு வர்லியே.”

“வருது. போட்டுக்கலாம்.”

இருவரும் பேன்ட், கோட்டு, கழுத்துப்பட்டை, கையுறை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டோம். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்துக் காரில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து ஏதோ கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மத்தூர் வரைக்கும் மழை வரவேயில்லை. கல்யாண வீட்டு வாசலில் கோட்டைக் கழற்றியபோது என் சட்டை பிழிகிற மாதிரி வேர்வையில் நனைந்திருந்தது. அவருக்கும் அப்படித்தான். என் பங்காளி கேட்டார்: “என்னாப்பா, அந்தப் பக்கம் அவ்ளோ மழையா?”

திரும்பி வரும்போது நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம். அங்கே ஒதுங்கியிருந்த எல்லாருடைய கையுறைகளையும் அவர் திருத்தி மாட்டிவிட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“எங்க அண்ணன் இப்டி ஒரு மழைலதான் பாரூர்லேர்ந்து வண்டில வந்தான். நல்ல ரெயின்கோட்டுதான் போட்டுருந்தான். கழுத்துல மட்டும் கொஞ்சம் எறங்கிருச்சுன்னான். அன்னிக்கே காச்சல். அப்புறம் எந்திரிக்கவே இல்லண்ணா.”

லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின.

“டாக்டரு வேற என்னமோ பேரு சொன்னாரு. எனக்குத் தெரியும், அந்தக் கழுத்துதான்.”

சொல்லிவிட்டு என் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

இதுவரைக்கும் எழுதியதைப் படித்தால் வேடிக்கையான ஆள் என்று தோன்றும். ஆனால் இதற்கு விலை கொடுத்தது அவர் மனைவி. என்னை ‘அண்ணா’ என்று கூப்பிடுகிற பெண். நானும் தங்கச்சி என்றே சொல்வேன். பன்னிரண்டாவது முடித்தவள். சிங்காரப்பேட்டையில் இருந்த அவளுடைய தம்பி புது வண்டி வாங்கியபோது பழைய ஸ்கூட்டியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டான். அவள் வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். ஓசூரில் பெண்களுக்கு வேலைக்கா பஞ்சம்? செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனி, துணி தைக்கிற கம்பெனி, எல்லாவற்றுக்கும் பஸ் ஓடுகிறது. அந்த பஸ் எங்கள் சந்துக்குள் வராது. மெயின் ரோட்டில்தான் நிற்கும். அதுவரை ஸ்கூட்டியில் போக வேண்டும். முதல் ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும்.

அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. “ரெயின்கோட் சரியாவட்டும், போ” என்பார்.

அந்த ரெயின்கோட் சரியாகவே இல்லை. ஒன்று வாங்கி வருவார். வாசலில் அவளை அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, குவளையில் தண்ணீர் மொண்டு தலையிலிருந்து ஊற்றுவார். லைன் வீட்டில் எல்லாரும் வேடிக்கை பார்ப்போம். அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஊற்றி முடித்ததும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு விரல் அகலம் ஈரம் இருக்கும். “கழுத்துல எறங்குது. இது வேலைக்காவாது.” அடுத்த மாதம் வேறொன்று. அதற்குள் அந்த வேலை வேறு யாருக்காவது போயிருக்கும். ஸ்கூட்டி கவர் போட்டபடி சுவரோரம் நின்றது.

வீட்டுக்காரம்மா கன்னடக்காரர். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏனப்பா, இன்னிக்கும் அபிஷேகமா?” என்று தமிழும் கன்னடமுமாகக் கேட்பார்.

“மழ நிக்கட்டும், அப்பறம் போலாம்” என்றும் சில சமயம் சொல்வார். ஓசூரில் மழை எப்போது நிற்கிறது? கோடையில் இடிமழை, ஆடியில் தூறல், ஐப்பசியில் அடைமழை. எங்கள் பக்கம் மத்தூரில் காய்ந்து கிடக்கிற நாளில்கூட இங்கே ரோடு ஈரமாக இருக்கும்.

ஒருமுறை தங்கச்சி என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. “இவுரு மழையப் பாக்கறதே இல்லக்கா. ஓட்டையத்தான் பாக்கறாரு.” சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

போன வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு மறுபடி வேலைக்கு அழைப்பு வந்தது. பூஜை லீவு முடிந்த மறுநாள் முதல் ஷிப்டில் சேர வேண்டும். வராவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டோம் என்று போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர் வழக்கம்போல “ரெயின்கோட் பாக்கலாம்” என்றார். பழைய கோட்டுக்குப் புது டேப் ஒட்டினார், ஸ்பிரே அடித்தார், பெட்டி தேய்த்தார். மறுநாள் கழுத்துப்பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டினார்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பெனியில் மெஷினெல்லாம் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். வீட்டில் வண்டியைக் கழுவுவோம். வண்டியோடு நிறுத்துவதில்லை. ஹெல்மெட், கையுறை, ரெயின்கோட், டிபன் பை, எது எது நமக்குச் சோறு போடுகிறதோ அது எல்லாவற்றையும் சோப்புப் பவுடரில் ஊறவைத்து, வாசனை லிக்விட் ஒரு மூடி ஊற்றி அலசி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். கையோடு ஐப்பசி மழை ஆரம்பிக்கும். எல்லாருடைய ரெயின்கோட்டும் முதல் மழையிலேயே குடிக்கும். “சாமிக்குப் பண்றன்னு கோட்டக் கொல்றீங்களேடா” என்று அவர் வருஷா வருஷம் ஸ்டாண்டில் புலம்புவார். யாரும் கேட்டதில்லை. அழுக்குக் கோட்டுக்கு எப்படிச் சந்தனம் வைப்பது?

கம்பெனி பூஜை நாளில் நல்ல வெயில். நானும் அவரும் ஒரே வண்டியில் போய்விட்டு, பொரிப் பொட்டலத்தோடு மத்தியானம் திரும்பினோம். கேட்டுக்குள் நுழைந்ததும் வண்டி ஆடியது. அவர் பிரேக்கைப் பிடித்துவிட்டார்.

கொடிக்கயிற்றில் இரண்டு ரெயின்கோட்டுகள் தொங்கின. அவருடையது, அவளுடையது. வெயிலில் பளபளவென்று இருந்தன. கீழே வாளியில் நுரை. அந்த வாசனை லிக்விட் மணம் சந்து முழுக்க அடித்தது.

தங்கச்சி ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவர் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் பாட்டிலைத் திறந்து, காய்ந்திருந்த தோள் பக்கமாகப் பார்த்து ஊற்றினார். தண்ணீர் உருளவில்லை. துணி கறுத்துக்கொண்டே போனது. பாட்டில் முழுக்க ஊற்றிப் பார்த்தார்.

“எதுல தொவச்ச?”

“எல்லாரும் எதுல தொவைக்கறாங்க? அதுலதான்.”

“தெரியுமில்ல உனக்கு?”

அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “சாமிக்கு வெக்கறதில்லீங்களா. அழுக்கா வெக்க முடியுமா?”

தெரிந்தே செய்தாளா, சாமிக்காகச் செய்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் மனைவியிடம்தான் சோப்புப் பவுடர் வாங்கிப் போயிருக்கிறாள். கேட்டால் என் மனைவி, “பூஜைக்குத்தான் வாங்குனா” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

ஸ்பிரே தீர்ந்துபோயிருந்தது. கடைகள் மூடல். ஆன்லைனில் வர நாலைந்து நாளாகும். லீவு முழுக்க அவர் அந்த இரண்டு கோட்டுகளையும் அலசினார். சோப்பு வாசனை போகப் போக அலசி, பிழியாமல் தொங்கவிட்டு, காய்வதற்குள் பெட்டி தேய்த்து, ஊற்றிப் பார்த்து, மறுபடி அலசி. வாசலுக்கும் கொடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். பூஜையில் வைக்கவும் விடவில்லை. தங்கச்சி ஸ்கூட்டிக்கும் சாவிக்கும் மட்டும் பொட்டு வைத்தாள். லீவின் கடைசி நாள் சாயங்காலம் மேகம் கட்டியது.

மறுநாள் விடிகாலை நான் முதல் ஷிப்டுக்குக் கதவைத் திறந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஈரம் காயாத கோட்டையே மாட்டியிருந்தாள். அவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டையோடு நனைந்துகொண்டிருந்தார், அது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

“கைய எடுங்க. பஸ் போயிரும்.”

“ஒரு வாரம் பொறு. ஸ்பிரே வந்துரும்.”

“ஒரு வாரத்துல வேல போயிரும்.”

“நனஞ்சுருவ.”

“நனஞ்சா தொடச்சிக்கறன்.”

“எங்க அண்ணனும் அப்டித்தாண்டி சொன்னான்!”

அவர் கத்தியதில் மாடியில் விளக்கு எரிந்தது. அவள் வண்டியை அணைத்தாள். இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“உங்க அண்ணன் மழைல சாவலீங்க. காச்சலோட ஊட்லயே படுத்துக் கெடந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு உங்க அண்ணி காலப் புடிச்சாங்க. மழை விடட்டும், மழை விடட்டும்னு சொல்லி நீங்க யாரும் அவர வெளியவே எடுக்கல. ஊருக்கே தெரியும். உங்களுக்குந் தெரியும்.”

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் ஹேண்டில்பாரைப் பார்த்தார். அதில் வைத்திருந்த குங்குமம் மழையில் கரைந்து அவர் விரலில் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.

அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். மெதுவாக, பள்ளம் பார்த்துத்தான் போனாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார், கோட்டு கிடையாது, தலையில் ஒன்றும் கிடையாது. நானும் அதே வழிதான். மெயின் ரோட்டில் அவள் ஸ்கூட்டியை டீக்கடை ஓரம் பூட்டிவிட்டு, துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு பஸ் ஏறினாள். பஸ் போன பிறகும் அவர் மழையில் நின்றார்.

“அண்ணா, அவளுக்குக் கழுத்து வழியா எறங்கியிருக்குமா?”

“எறங்கியிருக்கும்” என்றேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. “எனக்குந்தான் எறங்குது.”

அன்றைக்கு பிரஸ் மெஷினில் அவரை நிற்க விடவில்லை. கை நடுங்குகிறது என்று சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் டீக்கடையில் துண்டோடு காத்திருந்து, அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடுரோட்டிலேயே நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். சில்லென்று இருந்ததாம். அவள் அவர் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அது கொதித்ததாம்.

காய்ச்சல் அவருக்கு வந்தது. அவருக்கு மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். வெளியே மறுபடி மழை வலுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது எங்களுக்குக் கேட்கும்.

“எந்திரிங்க, டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்.”

“மழ விடட்டும்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடினேன். பிறகு தங்கச்சியின் குரல் கேட்டது:

“விடாது. எந்திரிங்க.”

டாக்டர் ஊசி போட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரை கொடுத்தார். சில நாளில் எழுந்துவிட்டார். கம்பெனிக்கு வந்ததும் ஸ்டாண்டில் யாரோ ஒருவருடைய தோளில் தண்ணீர் ஊற்றினார். அதை அவர் விடவில்லை. தங்கச்சி வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். அவளுடைய ரெயின்கோட்டை வாராவாரம் பெட்டி தேய்த்து ஸ்கூட்டியில் மாட்டி வைப்பார். சில நாள் அவள் போட்டுக்கொள்வாள், சில நாள் சீட்டுக்கடியில் திணித்துக்கொண்டு போவாள். இந்தக் கோடையில் அவளை அத்திப்பள்ளிப் பக்கத்துக் கம்பெனிக்கு மாற்றினார்கள். அவளுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று கர்நாடக பார்டர் தாண்டிக் குடிபோனார்கள். போகும்போது தீராத ஒரு ஸ்பிரே டப்பாவை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

மழை பிடித்தால் எனக்கு வேறொன்றும் ஞாபகம் வருவதில்லை. அந்தச் சாயங்காலம் அவர்கள் டாக்டரிடம் கிளம்பியதுதான் வருகிறது. நான் வாசலில் நின்றேன். தங்கச்சி ஸ்கூட்டியை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவளுடைய ஸ்கூட்டியில் அவர் ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால், சந்து முனை திரும்பும் வரைக்கும் நான் பார்த்தேன், அவளுடைய கழுத்துப்பட்டையைப் பின்னாலிருந்து இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்தது ஐப்பசி பதின்மூன்று, வியாழக்கிழமை. வெளியே தூறல்.